கோடு போட்டவர் யார்? சனாதனனின் தோம்பும் கொழும்புப் பார்வையாளரும்

பல்கலைக்கழக அருங்காட்சியகங்களின் சமூக ஈடுபாட்டைப் பற்றி எழுதுவோர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஓவியர் தா. சனாதனனிடம் வந்து நிற்பது வழக்கமாகிவிட்டது. மக்கள் பொருளும் நினைவும் தருகிறார்கள், கலைஞர் ஒழுங்குபடுத்துகிறார், நிறுவனம் இடமளிக்கிறது. இவ்வாறு ஒரு சமூகத்தின் குரல் வெளிப்படுகிறது என்பது அந்த வாசிப்பின் சாரம். 2010ஆம் ஆண்டு வன்கூவர்க் கண்காட்சிக்கு இது ஓரளவு பொருந்தும். அடுத்த ஆண்டு ரேக்கிங் லீவ்ஸ் பதிப்பகம் வெளியிட்ட ‘முற்றுப்பெறாத தோம்பு’ என்ற நூலுக்குப் பொருந்தாது என்பதே என் வாதம்.

வன்கூவரைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் மானிடவியல் அருங்காட்சியகம் 2010 ஜனவரியில் திறந்த கண்காட்சியில், அங்குள்ள ஈழத்தமிழர் ஊர் நினைவாகக் கொடுத்த பொருள்கள் கண்ணாடிப் போத்தல்களில் வைக்கப்பட்டன. கொடுத்தவரின் பங்கு பெரும்பாலும் கொடுத்ததோடு முடிந்தது.

தோம்பில் நடந்தது வேறு. இடம்பெயர்ந்த தமிழ் பேசும் மக்கள் எண்பது பேர், விட்டுவந்த வீட்டை நினைவிலிருந்து தரைப்படமாக வரைந்தார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் மூன்று படங்கள்: வீட்டுக்காரர் வரைந்தது, அதைப் பார்த்துக் கட்டடக் கலைஞர் வரைந்தது, சனாதனன் உலர் பாஸ்டலில் தீட்டியது. கருத்து வேறுபாடு நடுப்படத்தைப் பற்றியது.

முதற்படம் நினைவு, மூன்றாவது கலை, நடுவில் இருப்பது அரசின் கண் என்று ஒரு வாசிப்பு உண்டு. நடுங்கும் கோட்டை நேராக்கி, வாழ்ந்த வீட்டை வெறும் சதுரங்களாக்கும் அதிகாரம் அங்கே தெரிகிறதாம். ஒல்லாந்தர் வரிக்காகவும் ஊழியத்துக்காகவும் காணியையும் ஆளையும் பதிந்த ஏட்டைத் தலைப்பு நினைவூட்டுவதால் இவ்வாசிப்புக்கு வலுச் சேர்ந்தது. கவர்ச்சியான வாசிப்புத்தான். படங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் அது நிற்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இருக்கும் வீட்டுக்குத் தரைப்படம் கீறுபவர் வளவுக்குப் போய் நாடா பிடித்து அளப்பார். இங்கே போய் அளக்க வழியில்லை. வீடு இடிந்திருக்கலாம், இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டிருக்கலாம். கட்டடக் கலைஞருக்குக் கிடைத்த ஆதாரம் முதற்படம்தான். விறாந்தை எவ்வளவு அகலம், குசினிக்கும் கிணற்றுக்கும் இடையில் எத்தனை அடி என்பதையெல்லாம் அந்த நடுங்கும் கோட்டிடம்தான் அவர் கேட்க வேண்டும். ஆகவே நடுப்படம் முதற்படத்தைத் திருத்துகிறது என்பதைவிட அதற்குக் கட்டுப்படுகிறது என்பதே பொருத்தம். வீட்டுக்காரர் சொன்ன அளவைத் தொழில் அறிந்த ஒருவர் சாட்சியமாக ஏற்றுக்கொண்டிருக்கிறார்.

நேர்கோடு உயிரற்றது என்ற எண்ணமும் வெளியாரின் எண்ணம். யாழ்ப்பாணத்தில் எல்லைக் கதியாலுக்காக நீதிமன்றம் ஏறியவர்கள் உண்டு. உறுதியையும் நில அளவைப் படத்தையும் உரப்பையில் சுற்றிக்கொண்டு இடம்பெயர்ந்தவர்களும் உண்டு. அவர்களுக்கு நேர்கோடு அதிகாரத்தின் அடையாளம் மட்டுமல்ல, கச்சேரியில் எடுத்து நீட்டக்கூடிய ஒன்றும்கூட.

நூல் வெளிவந்த பின் நடந்ததை இதனோடு சேர்த்து வாசிக்கலாம். 2013 ஏப்ரலில் யாழ்ப்பாணத்தின் வலிகாமம் வடக்கில் சுமார் 6,381 ஏக்கர் காணியை அரசு சுவீகரிப்பதற்கான அறிவித்தல்கள் ஒட்டப்பட்டன. உரிமையாளரை அடையாளங்காண முடியவில்லை என்பது சொல்லப்பட்ட காரணம். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட உரிமையாளர்கள் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனார்கள். தோம்பு அந்த வழக்கின் ஆவணமல்ல, அப்படி நான் சொல்லவுமில்லை. ஆனால் ‘உரியவர் இல்லை’ என்ற கூற்று வருமுன்னரே, நான் உரியவர், இது என் அறை, இது என் படலை என்று வரைந்து காட்டிய நூலை வெறும் நினைவேக்கமாக வாசிப்பது அதைக் குறுக்குவதாகும். இப்படி வாசித்தால் கலை சட்ட ஆவணமாகச் சுருங்கிவிடும் என்பார்கள். மூன்றாவது படம் கண்முன் இருக்கும்வரை அந்தக் கவலை தேவையில்லை.

கொழும்புக்கு இதனால் என்ன? 2019 டிசெம்பரில் அங்கே தொடங்கிய நவீன, சமகாலக் கலை அருங்காட்சியகம் தன் முதற் கண்காட்சியின் பெயரைக் கவிஞர் சேரனின் கவிதை ஒன்றிலிருந்து எடுத்தது. மூன்று மொழியிலும் விளக்கம் எழுதுகிறது. பின்னர் அது இடம்மாறிய கிரெஸ்கட் வளாகம் இருக்கும் அதே காலி வீதியில்தான் வெள்ளவத்தையும் இருக்கிறது. மும்மொழி விளக்கம் அவசியம். ஆனால் அது வந்தவரை வாசகராகவே நிறுத்திவிடுகிறது. வெள்ளவத்தைத் தொடர்மாடியிலோ கொட்டாஞ்சேனை வாடகை வீட்டிலோ இருக்கும் வலிகாமத்தவர் ஒருவர் முன் இத்தகைய தரைப்படத்தை வைத்தால், அவர் விளக்கப் பலகையைத் தேடமாட்டார். கிணறு எந்த மூலையில், வேலி எந்தப் பக்கத்தாருக்கு என்று கேட்பார். பிறகு தன் வீட்டை விரலால் மேசையில் கீறத் தொடங்குவார். பார்வையாளர் தொகையையும் பாடசாலைக் குழுக்களையும் எண்ணும் ஆண்டறிக்கையில் இதைப் பதிய இடம் இருப்பதில்லை.

வரையச் சொன்னவரும் எண்பதோடு நிறுத்தியவரும் கலைஞர்தானே என்ற மறுப்பு கனமானது. அழைப்பு அவருடையது, நூலின் அட்டையிலும் அவர் பெயர்தான். ஆயினும் அழைப்பு ஒருவருடையது என்பதால் கோடும் அவருடையதாகிவிடாது. இதைத் தீர்க்க வேண்டிய இடம் அருங்காட்சியகத்தின் சேர்க்கைப் பதிவேடு. இத்தகைய படைப்பைக் கலைஞர் என்ற ஒரே கட்டத்தில் ஒரே பெயருடன் பதிவது போதாது. தரைப்படம் வரைந்தவர், அளவுப்படம் வரைந்தவர், சித்திரம் தீட்டியவர் என மூன்று கட்டங்கள் வேண்டும். பாதுகாப்புக் கருதி முதற் கட்டத்தில் பெயரை மறைக்க நேர்ந்தால் ஊர்ப் பெயரை மட்டும் எழுதலாம், கட்டத்தை நீக்கக்கூடாது.