உறுதியில் யார் பெயர்?

உன்னிச்சைக் குளக்கட்டில் சந்தித்த தாயொருவர் கேட்ட கேள்வி இன்னும் நெஞ்சில் நிற்கிறது. "என்ட மகளுக்குச் சீதனமாகக் கட்டிக் குடுத்த வீடு. மருமகன் பிரிஞ்சி வேற கலியாணம் முடிக்கப் போறான். அவனுக்கும் பாதி குடுக்கணுமாம். இதென்ன நியாயம் மகன்?"

அவரது குமுறலுக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. மட்டக்களப்பில் முக்குவர் சட்டம் வழங்கிய காலத்தில் முதுசச் சொத்து தாய்வழியே சென்றது. மணமகன் மனைவியின் வீட்டிற்கு வந்து வாழ்ந்தான். மணம் முறிந்தால் வெளியேறியவனும் அவனே. அச்சட்டத்தை 1876இல் கிறிஸ்தோபர் பிரிட்டோ நூலாக வெளியிட்டார். விந்தை என்னவெனில், அதே ஆண்டின் 15ஆம் இலக்கத் திருமண உரிமைகள், வாரிசுரிமைக் கட்டளைச் சட்டம் அதனை வழக்கொழியச் செய்தது. யாழ்ப்பாணத்தாருக்குத் தேசவழமை எஞ்சியது. மட்டக்களப்புத் தமிழர் பொதுச் சட்டத்தின் கீழ் வந்தனர்.

சட்டம் போயிற்று, வழக்கம் போகவில்லை. படுவான்கரையிலும் எழுவான்கரையிலும் பெற்றோர் இன்றும் மகளுக்கே வீடு கட்டுகின்றனர். ஆனால், சீதன உறுதியில் மருமகனின் பெயரையும் சேர்த்தெழுதினால், பொதுவாக அவருக்கும் சரிபாதி உரித்தாகிவிடும். அவர் மறுமணம் செய்து, மரணசாசனமின்றி இறந்தால், அந்தப் பாதி புதிய மனைவிக்கும் அவர் பிள்ளைகளுக்கும் பிரியும். ஊர் நியாயம் அங்கே செல்லாது.

அந்தத் தாயின் உறுதியில் இருவர் பெயரும் இருந்தன. சட்டத்தரணி ஒருவரிடம் காட்டுமாறு கூறினேன். சற்று மௌனமாக இருந்தவர் சொன்னார்: "இளையவளின்ட உறுதியை அவள்ட பேரில மட்டும் எழுதுவம்."