விழுப்புரம் மாவட்டத்தில் அச்சு நாளிதழ்கள்

விழுப்புரமும் திண்டிவனமும் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் அமைந்துள்ள நகரங்கள் ஆகும். 1934 ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கப்பட்ட தினமணி, பின்னாளில் விழுப்புரத்திலும் பதிப்பைத் தொடங்கியது. சென்னையிலிருந்து சுமார் 160 கி.மீ. தொலைவிலுள்ள இங்கேயே அச்சிடுவதால், பின்னிரவுச் செய்திகளும் மாவட்டச் செய்திகளும் விடியலுக்குள் வாசகரை அடைய முடிந்தது.

சரிவுக்கான காரணங்கள்

நாளிதழின் விலை அதன் செலவை ஈடுசெய்வதில்லை. எஞ்சியதை விளம்பர வருவாயே ஈடுகட்டுகிறது. 2016 க்குப் பின் கைபேசி இணையக் கட்டணம் குறைந்ததால் வாசகர்களும் விளம்பரங்களும் இணையத்துக்கு நகர்ந்தனர். 2020 கொரோனா ஊரடங்கில் இந்திய நாளிதழ்கள் பலவும் பக்கங்களைக் குறைத்தன.

விளைவுகள்

இணையத்தில் தொலைவு தடையன்று. எனவே உள்ளூர் அச்சகத்தின் தேவை குறைகிறது. எனினும், ஊராட்சி, நீதிமன்றம், ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் ஆகியவற்றின் செய்திகளைத் திரட்டும் உள்ளூர்ச் செய்தியாளரைத் தாங்கியது அச்சு இதழின் வருவாயே ஆகும். அது குறையும்போது இச்செய்திகளைத் திரட்டுவோரும் குறைவர்.