கொஞ்சம் கோணலாக இருக்கட்டும்

காலியான அலுமினியக் குளிர்பான டப்பாவை நிமிர்த்தி வைத்து, ஆடாமல் அசையாமல் அதன்மேல் ஒற்றைக்காலில் ஏறி நின்றால், எடை குறைந்த ஒருவரை அது தாங்கிவிடும். அப்போது யாராவது குனிந்து அதன் பக்கவாட்டில் விரலால் லேசாகத் தட்டினால் போதும். சட்டென்று நசுங்கிவிடும். டப்பாவின் சுவர் கிட்டத்தட்ட 0.1 மில்லிமீட்டர் தடிமன். ராக்கெட்டின் எரிபொருள் தொட்டியும் இதே இனம்தான், அளவில் பெரியது, அவ்வளவுதான்.

இப்படி நசுங்குவதைப் பொறியாளர்கள் 'பக்ளிங்' என்பார்கள். மெலிந்த கம்பம் எவ்வளவு எடையில் வளையும் என்று 1744இலேயே ஆய்லர் சொல்லிவிட்டார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லோரென்ஸ், திமோஷென்கோ போன்றவர்கள் மெல்லிய உருளைக்கும் ஒரு சூத்திரம் கண்டார்கள். தடிமன், ஆரம், உலோகத்தின் விறைப்பு, இந்த மூன்றும் தெரிந்தால் போதும். அழகான சூத்திரம். ஆனால் விமானங்களுக்கு உலோகத் தோல் வந்த 1930களில் உருளைகளை நிஜமாகவே நசுக்கிப் பார்த்தார்கள். பல உருளைகள் சூத்திரம் சொன்னதில் பாதியைக்கூடத் தாங்கவில்லை. ஒரே மாதிரி செய்த இரண்டு உருளைகள் ஒரே எடையில் நசுங்கவும் இல்லை!

1941இல் கலிஃபோர்னியாவில் வான் கார்மனும் அவருடைய மாணவர் சியென்னும் ஒரு துப்புக் கண்டுபிடித்தார்கள்: நெளிய ஆரம்பித்ததும் உருளையின் தாங்குதிறன் பள்ளத்தில் விழுவதுபோல் சரிகிறது. (இந்த சியென்தான் பின்னாளில் சீனா திரும்பி, அந்நாட்டு ராக்கெட் திட்டத்தின் தந்தை ஆனவர். அது தனிக்கதை.)

முழு விடை போர்க்கால நெதர்லாந்திலிருந்து வந்தது. ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போது வார்னர் கொய்ட்டர் உழைத்த ஆய்வேடு, 1945இல் டெல்ஃப்ட்டில் டச்சு மொழியில் வெளியானது. உருளையின் வடிவத்தில் இருக்கும் மிகச்சிறிய கோணல்தான் குற்றவாளி என்றார் அவர். தோலின் தடிமனைவிடச் சின்ன பள்ளமே பெரும் பலத்தைத் தின்றுவிடும். அதிலும் முதல் துளிக் கோணல்தான் அதிகம் தின்னும், அடுத்தடுத்த துளிகள் குறைவாக. இவ்வளவு முக்கியமான ஏட்டை நாசா ஆங்கிலத்தில் கொண்டுவந்தது 1967இல்தான். டச்சு தெரியாதவர்களுக்கு 22 வருட நஷ்டம்.

இதற்கிடையே, 1960களில், நாசா நடைமுறை வழி ஒன்றை எடுத்தது. பழைய சோதனைகளையெல்லாம் ஒரே வரைபடத்தில் புள்ளிகளாக வைத்து, கீழே கிடந்த புள்ளிகளை ஒட்டி ஒரு கோடு கிழித்து, 'இதற்கு மேல் நம்பாதே' என்றது. பாதுகாப்பான வழிதான். ஆனால் கூடுதலாகச் சேர்க்கும் ஒவ்வொரு கிலோ உலோகத்தையும் விண்ணுக்குத் தூக்கியாக வேண்டுமே.

பிறகு கணினி வந்தது. உச்ச எடையைத் தொட்டதும் கணக்கு திணறி நின்றுவிடும் சிக்கலுக்கு, 1970களில் எடுவர்ட் ரிக்ஸ் என்ற இன்னொரு டச்சுக்காரர் வழி சொன்னார். எடையை மட்டும் படிப்படியாக ஏற்றாமல், எடையும் நெளிவும் சேர்ந்து வரையும் வளைகோட்டின் நீளத்திலேயே நடந்துபோவது அவர் முறை. கோடு கீழே திரும்பினாலும் கூடவே திரும்பலாம்.

எனக்குப் பிடித்த வேடிக்கை இனிமேல்தான். மென்பொருளில் அப்பழுக்கற்ற உருளையை வரைந்து மேலிருந்து அழுத்துங்கள். பெரும்பாலும் அது நெளியாமல் சமர்த்தாகக் குட்டையாகிக்கொண்டே போகும். எந்தப் பக்கம் நெளிவது என்று அதற்குச் சொல்ல யாருமில்லை. அதனால் தடிமனில் ஒரு சிறு பங்கு அளவுக்கு நாமே கோணலைப் புகுத்துகிறோம். அந்தக் கோணல் கற்பனையாக இருந்தால் விடையும் பாதி கற்பனைதான்.

அதனால்தான் 2011 மார்ச்சில், அலபாமாவின் ஹன்ட்ஸ்வில் நகரில், 8 மீட்டருக்கும் அதிக விட்டமுள்ள அலுமினிய-லித்தியம் உருளை ஒன்றை நாசா வேண்டுமென்றே நசுக்கியது. உருளை முழுக்கப் புள்ளி புள்ளியாகப் பெயிண்ட். ஒவ்வொரு புள்ளியும் எங்கே நகர்கிறது என்று கேமராக்கள் பார்த்துக்கொண்டிருந்தன.