வாடகை வீடும் பன்னிரண்டு வருஷப் பயமும்



கணவர் ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் மாடியில் இரண்டு போர்ஷன் கட்டியிருக்கிற பழைய மாணவி ஒருத்தி போன வாரம் போனில் கேட்டாள்: "சார், வாடகைக்கு விடலாமா, பூட்டியே வைக்கலாமா? பன்னிரண்டு வருஷம் குடியிருந்தா வீடு அவங்களுக்கே சொந்தமாயிடும்னு பயமுறுத்துறாங்க." வரலாற்று வாத்தியாரிடம் கேட்டால் வரலாறுதான் பதிலாக வரும். உங்களில் பலருக்கும் இதே கேள்வி இருக்கும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

வாடகைக் கட்டுப்பாடு போர்க்காலத்துப் பிள்ளை. 1915இல் கிளாஸ்கோ நகரத்தில் ஆயுதத் தொழிற்சாலைகளுக்கு ஆட்கள் குவிந்தார்கள். வீட்டுக்காரர்கள் வாடகையை ஏற்றினார்கள். மேரி பார்பர் போன்ற பெண்கள் முன்னின்று வாடகை கொடுக்க மறுத்துப் போராடினார்கள். அந்த ஆண்டே பிரிட்டிஷ் அரசு வாடகையைக் கட்டுப்படுத்திச் சட்டம் போட்டது. அடுத்து 1918இல் பம்பாயிலும் 1920இல் கல்கத்தாவிலும் சட்டம் வந்தது.

நம் சென்னைக்கு இரண்டாம் உலகப் போர் அதைக் கொண்டுவந்தது. 1941இல் இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் வாடகைக் கட்டுப்பாட்டு ஆணை பிறந்தது. போர் முடிந்தது, கட்டுப்பாடு முடியவில்லை. 1946இல் ஒரு சட்டம், 1949இல் ஒரு சட்டம், கடைசியில் 1960ஆம் ஆண்டுச் சட்டம்.

திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் ஒண்டுக்குடித்தனங்களையும் 'ஸ்டோர்' வீடுகளையும் நினைத்துப் பாருங்கள். ஒரு முற்றம், ஒரு கிணறு, சுற்றிலும் பல குடும்பங்கள். மாதச் சம்பளக்காரரை நினைத்த நேரத்தில் வெளியே அனுப்ப முடியாது என்ற பாதுகாப்பை இந்தச் சட்டங்கள்தான் கொடுத்தன. அதில் நியாயம் இருந்தது.

ஆனால் மறுபக்கமும் உண்டு. வீடு காலியானால் ஏழு நாளுக்குள் உரிய அதிகாரிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அரசாங்கம் விரும்பினால் தன் ஊழியருக்கு எடுத்துக்கொள்ளலாம். மிகக் குறைந்த வாடகை வீடுகளுக்கு மட்டும் விலக்கு. நியாய வாடகை வேண்டுமென்றால் ரென்ட் கன்ட்ரோலரிடம் மனு போட வேண்டும். அதை ஒருமுறை நிர்ணயித்துவிட்டால், வீட்டில் ஏதாவது கட்டிச் சேர்த்தாலொழிய உயர்த்துவது கடினம். காலி செய்யச் சொல்ல, 'வேண்டுமென்றே வாடகை பாக்கி', 'சொந்த உபயோகம்' என்று ஏதாவது ஒரு காரணத்தை நிரூபித்தாக வேண்டும். வழக்கு ஆண்டுக்கணக்கில் நடக்கும். பெரிய பணக்காரர் வக்கீல் வைத்துச் சமாளிப்பார். ஒரே ஒரு வீட்டை நம்பிய விதவைத் தாய் என்ன செய்வாள்?

இந்த அனுபவத்தில்தான் பயம் முளைத்தது. 2011 கணக்கெடுப்பில் இந்திய நகரங்களில் ஒரு கோடியே 10 லட்சம் வீடுகள் காலியாக இருந்தன. எல்லாமே பயத்தால் பூட்டியவை அல்ல. ஆனால் பயத்துக்கும் அதில் பங்கு உண்டு.

இப்போது அந்தப் பன்னிரண்டு வருஷக் கதைக்கு வருகிறேன். 1963ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டத்தில் பன்னிரண்டு ஆண்டு என்ற கணக்கு இருப்பது உண்மை. அது, உரிமையாளரின் உரிமையை வெளிப்படையாக மறுத்து அனுபவிப்பவருக்கு. சட்டத்தில் எதிரிடை அனுபவ பாத்தியம் என்பார்கள். வாடகை கொடுக்கிறவர் உங்கள் அனுமதியோடு இருக்கிறவர். முப்பது வருஷம் இருந்தாலும் அவர் வாடகைதாரர்தான். ஆகவே உங்களைக் காப்பது வாடகை வாங்கியதற்கான ஆதாரமும் ஒப்பந்தமும். பூட்டு அல்ல.

பதினொரு மாத ஒப்பந்தமும் இதே மாதிரி ஒரு பழக்கம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆகவேண்டும் என்று 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் சொன்னது. செலவைத் தவிர்க்க ஒரு மாதத்தைக் குறைத்தார்கள்.

1960ஆம் ஆண்டுச் சட்டம் இன்று இல்லை. 2017இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதில் வாடகை, இரு தரப்பும் பேசி முடிவு செய்வது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். வேறு உடன்பாடு இல்லாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் வாங்கியே பழகியவர்கள் கவனிக்கவும். பாக்கி என்பதற்காகத் தண்ணீரையும் கரண்டையும் நிறுத்தக்கூடாது.

பயம் தீர்ந்ததும் கணக்கு பாருங்கள். 20 லட்சம் போட்டுக் கட்டிய போர்ஷனுக்கு மாதம் 8,000 வாடகை என்று வையுங்கள். வருஷத்துக்கு 96,000. ஒரு மாதம் காலியாகக் கிடந்தால் 8,000 போச்சு. வெள்ளையடிப்பு, குழாய், மோட்டார், சொத்து வரி என்று 12,000. மிச்சம் 76,000, அதாவது 3.8 சதவீதம். கடன் வாங்கிக் கட்டினால் வட்டிக்கே காணாது. கைப்பணத்தில் கட்டியவருக்கு மாதாமாதம் மருந்துச் செலவுக்கு ஆகும். மனையின் மதிப்பு ஏறுவது தனிக் கணக்கு. 'வாடகையிலேயே வாழலாம்' என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

வாடகையை வங்கி வழியாகவே வாங்குங்கள். குடிவரும் நாளில் சுவர், குழாய், மின்சார மீட்டர் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வையுங்கள். முன்பணத்தைத் தனியாக வையுங்கள். அது உங்கள் பணம் அல்ல, திருப்பிக் கொடுக்க வேண்டியது. ரிப்பேர் என்று சொன்னால் அந்த வாரமே ஆளை அனுப்புங்கள். சாதி கேட்டு, சாப்பாடு கேட்டு நல்ல மனிதர்களைத் திருப்பி அனுப்பாதீர்கள். ஒழுங்காக வாடகை தருகிற குடும்பத்துக்கு அதுவா அடையாளம்?

உங்களில் வாடகை வீட்டில் இருப்பவர்களும் இதைப் படிப்பீர்கள். உங்களுக்கும் அதே எழுத்து ஒப்பந்தம்தான் காப்பு. கேட்டு வாங்குங்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று ஆசிரியர்