சீட்டில் பெயரில்லாதவர்கள்

வடசென்னையில் வலி நிவாரண மாத்திரைகள் பறிமுதல் என்ற செய்தி நாளிதழின் உள்பக்கத்தில் அடிக்கடி வருகிறது. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று ஊர் மட்டும் மாறும். பிடிபட்டவர்களின் வயது இருக்கும், மாத்திரைகளின் எண்ணிக்கை இருக்கும், டேபென்டடாலைத் தண்ணீரில் கரைத்து ஊசியாக ஏற்றிக்கொள்கிறார்கள் என்ற விளக்கமும் இருக்கும். திருவொற்றியூரில் வளர்ந்த எனக்கு, அந்தச் செய்திகளில் யாரோ ஒருத்தி விடுபட்டிருப்பதாகவே தோன்றும். ஸ்டேஷன் வாசலில் நிற்கும் அம்மா, அல்லது கைக்குழந்தையோடு மனைவி.

அந்த மாத்திரைக்கு உறவுமுறையான இன்னொன்று உண்டு: புப்ரினார்ஃபின். அதுவும் அபின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். நாக்கினடியில் வைத்துக் கரைத்தால் ஹெராயின் பழக்கத்தின் நடுக்கத்தையும் வலியையும் அடக்கும். ஓர் அளவுக்கு மேல் போதை ஏறாது. மனிதர் எழுந்து வேலைக்குப் போகலாம். இதை எந்த மருத்துவர் எழுதலாம், எங்கே கொடுக்கலாம் என்ற விதிகளின் வரலாற்றைப் படிக்கப் போய்த்தான் இந்தக் கட்டுரைக்கு வந்து சேர்ந்தேன்.

பழக்கத்துக்கு மருத்துவரின் காகிதம் கேட்பது நம் ஊருக்குப் புதிதல்ல. அபின் கடைகளை நடத்தி வருமானம் பார்த்தது ஆங்கில அரசு. சுதந்திர இந்தியாவோ 1959 ஏப்ரல் முதல் மருத்துவக் காரணமின்றி அபின் விற்பதை நிறுத்தியது. பழைய பழக்கக்காரர்கள் மருத்துவச் சான்று காட்டிப் பதிவு செய்துகொண்டு வாங்க வேண்டியிருந்தது. மதுவிலக்குக் காலத்திலும் மருத்துவரின் சான்றோடு ‘பெர்மிட்’ வாங்கிக் குடித்தவர்கள் இருந்தார்கள். காகிதம் கிடைத்தவர் நோயாளி, கிடைக்காதவர் குற்றவாளி. 1985-இல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டம் இந்தக் கோட்டை இன்னும் அழுத்தமாகப் போட்டது.

எண்பதுகளில் சென்னைக்கு பிரவுன் சுகர் வந்தது. தொண்ணூறுகளில் அது கிடைக்காதபோதும் விலை ஏறியபோதும் பலர் ஊசிக்கு மாறினார்கள். எந்த ஊசி? ‘டிடிஜெசிக்’ என்ற பெயரில் வலிக்கு விற்கப்பட்ட அதே புப்ரினார்ஃபின். மருந்துச்சீட்டு வேண்டும் என்று சட்டம் சொல்லியும், சீட்டில்லாமல் கடையில் கிடைத்தது. ஆகவே விதி வேண்டாம் என்று வாதிட என்னால் முடியாது. விதி காகிதத்திலேயே தூங்கிய அந்த வருடங்களின் விலையை யார் கொடுத்தார்கள் என்பது பதிவாகியிருக்கிறது.

இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் 1986-இல் சென்னையில்தான் கண்டறியப்பட்டன. டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் கண்டறிந்தவர்கள். பரிசோதிக்கப்பட்டது பாலியல் தொழில் செய்த பெண்களின் ரத்தம். பெண்ணுடலைத்தான் முதலில் சந்தேகப்பட்டார்கள் என்பதை இந்த இடத்தில் சொல்லாமல் போக முடியவில்லை. பிறகு 2005-இல் வெளியான சென்னை ஆய்வு ஒன்று, ஊசி போட்டுக்கொள்ளும் 226 பேரையும் அவர்களுடைய துணைவர்களையும் சேர்த்தே பரிசோதித்தது. ஊசி போட்டவர்களில் 30 சதவீதம் பேருக்குத் தொற்று. துணைவர்களில் 5 சதவீதம். அந்த ஐந்து சதவீதத்துக்குள் வந்த பெண்கள் பலருக்கு ஊசியோடு இருந்த ஒரே தொடர்பு கல்யாணம்.

தொண்ணூறுகளின் இறுதியில் புப்ரினார்ஃபின் மாத்திரையாகப் போதை மீட்புச் சிகிச்சைக்கு அனுமதிக்கப்பட்டது. டிடிஜெசிக் அனுபவத்தின் பயமோ என்னவோ, பூட்டும் பலமாக இருந்தது: சாதாரண மருந்துக்கடைக்கு வரக்கூடாது, மீட்பு மையங்களுக்கு மட்டும். தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு 2007-க்குப் பிறகு இந்தச் சிகிச்சையை விரிவாக்கியபோது, தினமும் மையத்துக்கு நேரில் வரவேண்டும். செவிலியர் பொடித்துக் கொடுக்கும் மாத்திரை கரையும்வரை அவர் கண்ணெதிரே உட்கார வேண்டும் என்பது முறையானது. வெளியே கடத்தி விற்கக்கூடாதே! நியாயமான கவலைதான். ஆனால் துறைமுகத்தில் தினக்கூலிக்கு லோடு ஏற்றுகிறவருக்கு முற்பகல் வரிசை என்றால் பாதி நாள் கூலி போயிற்று. அந்தப் பாதியை ஈடுகட்ட இன்னொரு வீட்டில் பாத்திரம் தேய்க்கப் போவது யார் என்று எந்த வழிகாட்டு நெறியும் கேட்கவில்லை.

உலகத்தில் மற்றவர்கள் என்ன செய்தார்கள்? அமெரிக்காவில் பழக்கத்துக்கு மருந்து எழுதிய மருத்துவர்கள் சிறைக்குப் போன காலம் உண்டு. அந்தப் பயத்தை மீறி 1960-களில் மெத்தடோன் சிகிச்சையை வின்சென்ட் டோலுடன் சேர்ந்து தொடங்கியவர் மேரி நிஸ்வாண்டர் என்ற பெண் மனநல மருத்துவர். போதைத் தடுப்பு அதிகாரிகளின் தொல்லையோடுதான் அவர்கள் வேலை செய்தார்கள். அங்கே 2000-ஆம் ஆண்டுச் சட்டம் புப்ரினார்ஃபின் எழுதத் தனி அனுமதியும் நோயாளிகளுக்கு உச்சவரம்பும் வைத்தது. வலிக்கு ஆக்ஸிகோடோனைத் தாராளமாக எழுதிய அதே மருத்துவர், அதனால் வந்த பழக்கத்துக்கு மருந்தெழுத மட்டும் வேறு அனுமதி வாங்க வேண்டும்! அந்தத் தனி அனுமதியை 2022 டிசம்பரில்தான் எடுத்தார்கள். பிரான்ஸ் 1996 முதல் பொது மருத்துவர்கள் எல்லோரையும் எழுத விட்டது. அளவு மீறிய சாவுகள் சில ஆண்டுகளில் வெகுவாகக் குறைந்தன. மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றியவர்களும் அங்கே இருந்தார்கள்.

நம்மிடம் பூட்டு தளர்ந்தது 2020 ஊரடங்கில். சில நாட்களுக்கான மாத்திரையை வீட்டுக்கே கொடுத்தனுப்ப அனுமதித்தார்கள். அதுவரை முடியாதென்றது எப்படி முடிந்தது என்று கேட்கத் தோன்றுகிறது. வீட்டுக்கு வந்த மாத்திரைக்குக் காவல் வேண்டும். குழந்தை எடுத்துவிடக் கூடாது, அவரும் ஒரே நாளில் விழுங்கிவிடக் கூடாது. செவிலியர் பார்த்த வேலை, சம்பளம் இல்லாமல் சமையலறைக்கு வந்து சேர்ந்தது.

இவ்வளவும் மனைவிகளைப் பற்றி. தானே பழக்கத்தில் இருக்கும் பெண்ணோ இன்னும் மறைவில் இருக்கிறாள். ஆண்கள் நிறைந்த வரிசையில் தினமும் முகம் காட்டினால் தெருவுக்கே தெரிந்துவிடும். குழந்தையைப் பறித்துவிடுவார்களோ என்ற பயம் வேறு. கர்ப்பிணிக்குப் பழக்கத்தைச் சட்டென்று நிறுத்தாமல் மெத்தடோனோ புப்ரினார்ஃபினோ கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2014-இலேயே சொல்லியிருக்கிறது. அந்த மாத்திரையைப் பிரசவத்துக்குப் பதிவு செய்த இடத்திலேயே, கர்ப்பகாலப் பரிசோதனைக்கு வரும் நாளிலேயே கொடுத்துவிட்டால், அவள் தனியாக இன்னொரு வரிசையில் நிற்க வேண்டியிருக்காது.