எண்ணூர்க் கழிமுக நிலக்காட்சி

வடசென்னையில், மெட்ரோ பாதை முடியும் விம்கோ நகருக்கு வடக்கே, கொசஸ்தலையாறு கடலில் கலக்கும் இடம் எண்ணூர்க் கழிமுகம். தீப்பெட்டி ஆலையின் பெயர் தாங்கிய விம்கோ நகரைப் போலவே இதுவும் ‘தொழிற்பேட்டைப் பக்கம்’ என்றே அறியப்பட்டது. பார்த்து ரசிக்கும் இடமாக அல்ல.

ஜான் கான்ஸ்டபிள் 1821இல் வரைந்த வைக்கோல் வண்டி ஓவியம், நாட்டுப்புறம் என்றால் இதுதான் என்று ஆங்கிலேயர் மனத்தில் பதித்தது. தமிழில் அந்த வேலையைச் சினிமா செய்தது. ‘16 வயதினிலே’ (1977) படத்துக்குப் பின் வயலும் வரப்புமே சொந்த ஊரின் முகமாயின. கையால் தடவி இறால் பிடிக்கும் உப்பங்கழிக்கு அந்தச் சட்டகத்தில் இடமில்லை. நெய்தலை ஐந்திணையில் ஒன்றாக வைத்த மொழியில் இந்த நிலைமை!

2017இல் வெளியான ‘சென்னைப் பொறம்போக்குப் பாடல்’ காணொளி அந்தச் சட்டகத்தை உடைத்தது. ரதீந்திரன் பிரசாத் இயக்கினார். கபேர் வாசுகியின் வரிகளை ஆர். கே. ஸ்ரீராம்குமார் ராகமாலிகையாக மெட்டமைத்தார். முகக்கவசத்தோடு தோன்றும் கர்நாடக இசைப் பாடகர் டி. எம். கிருஷ்ணா, அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் பின்னால் நிற்க, நிலக்கரிச் சாம்பல் படிந்த கழியோரத்தில் பாடுகிறார். சபாவுக்குப் பழகிய ரசிகர்கள் பலருக்கு அந்த இடம் புதிது. காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் மீனவர்களுக்கு அது தொழில் செய்யும் நீர். சூழலியல் செயற்பாட்டாளர் நித்தியானந்த் ஜெயராமனும் இம்முயற்சியில் பங்கேற்றார்.