கல்வராயன் மலைக்கு 1976-இல் வந்த சுதந்திரம்

இயற்கை வேளாண்மை என்றாலே நம்மாழ்வார் ஐயாவிலிருந்துதான் கதையைத் தொடங்குகிறோம். நம் களமருதூருக்கு மேற்கே, கல்வராயன் மலையில், அது தலைமுறை தலைமுறையாக வந்த குடும்பத் தொழில்.

மலையாளிப் பழங்குடிக் குடும்பங்கள் சாமை, தினை, கேழ்வரகு விதைத்தார்கள். ஊடே துவரையும் அவரையும். பயறு வகைகளின் வேர் முடிச்சு மண்ணுக்குத் தழைச்சத்து சேர்க்கும் (ஏழாம் வகுப்பிலேயே நடத்திய பாடம்தான்!). ஏர் ஏறாத சரிவைக் கொத்திப் பயிர் செய்தார்கள். மண் களைத்தால் சில ஆண்டு தரிசாக விட்டார்கள். விதை வீட்டிலேயே இருந்தது.

நிலம் மட்டும் அவர்களுடையது இல்லை. சடைய கவுண்டர், குரும்ப கவுண்டர், அரிய கவுண்டர் என மூன்று ஜாகீர்கள். கிருஷ்ணதேவராயர் கொடுத்த உரிமை என்று சொல்வார்கள். உழுதவர் வரியும் கட்டினார், கூலியில்லாமல் வேலையும் செய்தார். நாடு 1947-இல் விடுதலை பெற்றது. இந்த மலையை அரசு எடுத்துக்கொண்டதோ 1976-இல். இடையில் 29 ஆண்டுகள். நம் பாடப்புத்தகத்தில் இதற்கு ஒரு வரிகூட இல்லை என்பது என் நெடுநாள் வருத்தம்.

அதன் பிறகும் பட்டாவுக்கும் வனத்துறைக்கும் நடுவே பல குடும்பங்கள் அலைந்தன. 2006-இல் வன உரிமைச் சட்டம் வந்தது.

இதற்குள் மரவள்ளி மலையேறிவிட்டது. சேலம், ஆத்தூர் ஜவ்வரிசி ஆலைகள் காசு தருகின்றன, பிள்ளைகள் படிக்கிறார்கள். குறை சொல்ல மாட்டேன். ஆனால் கிழங்கு பிடுங்கிய சரிவில் பெய்யும் மழை மேல்மண்ணை அரித்துக்கொண்டு போகிறது. மரவள்ளிக்கு ஊடே உளுந்தோ தட்டைப்பயறோ விதைக்கச் சொல்கிறது இன்றைய வேளாண்துறை. அங்குள்ள பாட்டிகளிடம் கேட்டால் எந்த மாதம், எத்தனை சாண் இடைவெளி என்பதையும் சேர்த்தே சொல்வார்கள்.